சேகருக்கு ஒரு போர்பன் கடிதம்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லோரும் நலம். சின்னவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். மேக்கர்ஸ் மார்க்காரர்களின் அமெரிக்க போர்பன் விஸ்கி, அந்த பி.இ.பி. (பேரல் என்ட்ரி புரூஃப்) கிடைத்துவிட்டது! நேற்று ராத்திரி திறந்தோம்.

பீப்பாயில் முதிர்ந்த விஸ்கியை மறுபடி மரத்தில் ஊறப்போட்டு ‘ஃபினிஷ்’ பண்ணுவதெல்லாம் குறையை மறைக்கும் மேக்கப் என்பாயே, அந்தப் பேச்சு இனி என்னிடம் செல்லாது. ரை தானியத்துக்குப் பதில் கோதுமை போட்டு வடித்த சரக்குடா இது. 70 பங்கு மக்காச்சோளம், 16 கோதுமை, 14 மால்ட் பார்லி. ரையின் மிளகுக் காரம் இல்லாததால் மரம் செய்வது அத்தனையும் அப்பட்டமாகத் தெரிந்துவிடும். மறைக்க நினைத்தால் இதைவிட மோசமான இடம் கிடையாது.

2019இல் அவர்கள் தொடங்கிய வுட் ஃபினிஷிங் வரிசையின் முதல் சுற்றில் இதுதான் கடைசி, 2023இல் வந்தது. 2022இல் வந்த இரண்டும் கிடங்கின் மேல்தட்டு வெப்பத்தையும் கீழ்த்தட்டுக் குளுமையையும் தனித்தனியே காட்டின, நினைவிருக்கிறதா? இந்தப் பாட்டிலுக்கு ஒரே கேள்விதான்: பீப்பாய்க்குள் போகும்போது சாராயம் எவ்வளவு வீரியமாக இருக்க வேண்டும்?

அமெரிக்கச் சட்டப்படி போர்பனை 125 புரூஃப் வரை, அதாவது 62.5 சதவீதம் வரை பீப்பாயில் ஊற்றலாம். வீரியம் கூடக்கூட பீப்பாய்ச் செலவு குறையும், பிறகு தண்ணீர் கலந்து பாட்டிலைப் பெருக்கிக்கொள்ளலாம். கென்டக்கி மாநிலத்து லொரெட்டோவில் இவர்கள் 110 புரூஃபில், அதாவது 55 சதவீதத்தில் ஊற்றுகிறார்கள். செலவுக் கணக்கில் அது நஷ்டம்தான். ஆனால் பீப்பாயின் சுட்ட ஓக் மரத்தில் உள்ள சர்க்கரை தண்ணீரில்தான் நன்றாகக் கரையும். உள்ளே தண்ணீர் கூடுதலாக இருந்தால் அந்த இனிப்பு வருடக்கணக்கில் நிதானமாக இறங்கும். கடைசியில் கிளாஸில் தண்ணீர் ஊற்றி அதை வரவழைக்க முடியாது. லாபத்தை விட்டுக்கொடுத்துச் சுவையைப் பிடித்துக்கொண்ட அந்த முடிவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது, சேகர்.

55 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கிறது, ஆனாலும் மூக்கைக் குத்தவில்லை. பாகு பதத்தில் இறக்கிய வெல்லம் மாதிரி முதல் வாசனை. நாக்கில் வனிலா, அப்புறம் கெட்டியான ஒரு வழவழப்பு. முடிவில் லேசாகத் துவர்க்கிறது. அது இல்லையென்றால் இனிப்பு திகட்டியிருக்கும். சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், வெண்ணெய் வாசம் எழுந்தது, வழவழப்பு போய்விட்டது. தண்ணீர் விடாமல் குடிப்பதே மேல். ராகவன் வழக்கம்போல ஐஸ் கேட்டான். தரவில்லை.

இதையெல்லாம் வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார்களே, அவர்கள்மேல்தான் கோபம். நாக்கில் படுவதற்காக அத்தனை வருடம் பீப்பாயில் கிடந்தது, அலமாரியில் தூங்குவதற்கா?

மூர்த்தி குடியை விட்டுவிட்டான் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு லேசானது. அவன் வரும் நாளில் என் வீட்டு மேஜையில் ஒரு பாட்டிலும் இருக்காது, அவனிடம் சொல்லிவிடு. நீயும் டாக்டரைப் பார்த்துவிட்டே கிளம்பு, தள்ளிப்போடாதே.

நவம்பர் டிக்கெட் போட்டாயா? அவர்களுடைய மேக்கர்ஸ் 46 ஒன்றும் வாங்கி வைக்கிறேன். அதை ஃபினிஷ் பண்ணுவது பிரெஞ்சு ஓக் பலகைகளில். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துவிட்டு, அப்புறம் மேக்கப் பற்றிப் பேசு.

அன்புடன்,
பாலு