ஜூடோ மாணவியருக்கு வேண்டியது எண்ணிக்கையா, வேகமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி மாணவியரின் ஜூடோ பயிற்சி குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், அவர்கள் தினமும் மைதானத்தைச் சுற்றிப் பல சுற்று ஓடுவதும், தவளைத் தாவலை நூற்றுக்கணக்கில் போடுவதும் பெருமையாகக் குறிப்பிடப்பட்டிருந்தன. உடற்கல்வி ஆசிரியையாகப் பல ஆண்டுகள் ஜூடோ பாயில் நின்றவள் என்ற முறையில் இதுபற்றிச் சிறிது எழுத விரும்புகிறேன்.

எதிராளியின் நிலையைக் குலைத்து, சட்டென உள்ளே திரும்பி, இடுப்பை அவளுக்குக் கீழே கொடுத்து எறிவதெல்லாம் ஏறக்குறைய ஒரு நொடிக்குள் முடிகிற காரியம். விசையும் வேகமும் சேர்ந்ததே தசைத் திறன் என்பதால், எவ்வளவு பலமிருந்தாலும் அந்த ஒரு நொடிக்குள் அது வெளிப்படாவிட்டால் பயனில்லை. நீண்ட ஓட்டம் மூச்சை வளர்க்கும். இந்த வெடிப்பை வளர்க்காது.

இதை நானே தாமதமாகத்தான் உணர்ந்தேன். எறிவதற்காக உள்ளே நுழையும் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் உச்சிகோமியை ஒரே மூச்சில் நூறு முறை செய்ய வைத்த காலம் உண்டு. ஐம்பதைத் தாண்டியதும் மாணவியின் இடுப்புக்கும் எதிரில் நிற்பவளின் வயிற்றுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி விழுந்துவிடும். கை மட்டும் இழுக்கும், குதிகால் வந்து சேராது. நானோ எண்ணிக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆறு அல்லது எட்டு முறை முழு வேகத்தில், அடுத்துச் சில நிமிட ஓய்வு என்று மாற்றினேன். ஜன்னல் கம்பியில் கட்டிய சைக்கிள் டியூபை இழுத்தபடி திரும்புவது, கம்பியில் போட்ட பழைய ஜூடோ அங்கியின் கழுத்துப்பட்டையைப் பிடித்து உடலை மேலே இழுப்பது, கனமான பந்தைப் பக்கவாட்டில் எறிவது ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை.

எடை தூக்கினால் பெண்ணின் வளர்ச்சி நின்றுவிடும், உடம்பு ஆண்பிள்ளை போலாகிவிடும் என்று பெற்றோர் இன்றும் அஞ்சுகிறார்கள். தகுந்த மேற்பார்வையில் செய்யும் எடைப்பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை. வளரிளம் பருவத் தொடக்கத்தில் இப்பயிற்சியால் கூடும் பலத்தின் பெரும்பகுதி, நரம்புகள் தசையை இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவதே. அஞ்ச வேண்டியது முழங்காலைப் பற்றி. தாவலும் திடீர்த் திருப்பமும் உள்ள விளையாட்டுகளில் முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் கிழிவது பையன்களைவிடப் பெண்களிடம் அதிகம். ஆகவே தாவச் சொல்லுமுன், முழங்கால் உள்நோக்கிச் சாயாமல் தரையிறங்கக் கற்றுத்தர வேண்டும்.

முன்னேற்றத்தை அளக்கவும் எளிய வழி உண்டு. போலந்தைச் சேர்ந்த ஸ்டெர்கோவிச் 1995இல் வெளியிட்ட சோதனையில், ஏறத்தாழ ஒரே எடையுள்ள இருவர் 6 மீட்டர் இடைவெளியில் நிற்க, சோதிக்கப்படும் மாணவி நடுவிலிருந்து ஓடி ஓடி இருவரையும் மாறி மாறித் தோள்வழி எறிய வேண்டும். 15, 30, 30 நொடி எனச் சுற்று மூன்று, இடையில் 10 நொடி ஓய்வு. முடிந்த உடனும் ஒரு நிமிடம் கழித்தும் பார்த்த நாடித்துடிப்பைக் கூட்டி, எறிந்த எண்ணிக்கையால் வகுத்தால் வரும் எண் குறையக் குறைய நல்லது. நாடித்துடிப்பை அளக்க ஒரு கருவியும், கடிகாரமும், அளவு நாடாவும் போதும்.

2022இல் சரயேவோவில் நடந்த உலக கேடட் (18 வயதுக்குட்பட்டோர்) ஜூடோ போட்டியில் மணிப்பூரின் லிந்தோய் சனம்பம் 57 கிலோ பிரிவில் தங்கம் வென்றபோது நாம் மகிழ்ந்தோம். அவர் கர்நாடகத்தின் விஜயநகரில் விளையாட்டு அறிவியல் வசதிகள் உள்ள பயிற்சி நிறுவனத்தில் வளர்ந்தவர் என்பதையும் சேர்த்தே பேசியிருக்க வேண்டும்.

இன்னொன்று. கீழ் எடைப் பிரிவில் நிற்பதற்காகச் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மாதவிலக்கு தவறும் அளவுக்குப் பட்டினி கிடக்கும் பெண்ணுக்கு எந்தத் திறன் பயிற்சியும் ஒட்டாது, எலும்பும் நலிவுறும். அடுத்த முறை தங்கள் நிருபர் மாணவியரைச் சந்திக்கும்போது, எத்தனை சுற்று ஓடினார்கள் என்பதோடு, எடை பார்ப்பதற்கு முந்தைய இரவு என்ன சாப்பிட்டார்கள் என்றும் கேட்டு எழுதுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
திருச்சி.