பதில் வராத கட்டுரைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நன்கொடையில் நடக்கும் சுதந்திர ஊடகங்களைப் பற்றிக் கடந்த ஞாயிறன்று தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரை, அவற்றுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை விரிவாகப் பேசியது. எழுத்து எங்கிருந்து வருகிறது என்பதையும் பேச வேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014 டிசம்பரில் தொடங்கிய ‘பாரி’ என்னும் ஊரக இந்திய மக்கள் ஆவணக் காப்பகம், தொழில்முறைப் பத்திரிகையாளர் அல்லாதவர்களும் கட்டுரை, நிழற்படம், ஒலிப்பதிவு, காணொளி ஆகியவற்றை அனுப்பலாம் என்று கதவைத் திறந்து வைத்திருந்ததும், தமிழிலும் வெளியானதும் பலரும் அறிந்தவையே. அதைப் பார்த்து ஊக்கம் பெற்றுத்தான், ஓய்வு பெற்ற தமிழாசிரியனான நானும் இலாப நோக்கற்ற வேறோர் ஊடகத்துக்கு எங்கள் ஊர்ப் பனையேறி ஒருவரைப் பற்றி எழுதி அனுப்பினேன்.

முதலில் நான் எழுதியது, உண்மையைச் சொன்னால், ‘கற்பகத் தரு’ என்று தொடங்கும் பள்ளிக்கூடக் கட்டுரை. பத்து நாளில் பன்னிரண்டு கேள்விகள் வந்தன. ஒரு நாளைக்கு எத்தனை மரம், எத்தனை தடவை ஏறுகிறார்? கருப்பட்டிக்கு விலை வைப்பவர் யார்? படத்தை வெளியிட அவரிடம் ஒப்புதல் கேட்டீர்களா? பதநீர் காய்ச்சுவது யார்? இந்தக் கடைசிக் கேள்வி என்னைத் தலைகுனிய வைத்தது. பாளை சீவுவதையும் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதையும் பக்கம் பக்கமாக எழுதியிருந்த நான், பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலிக்குள் புகையில் கண் எரிய உட்கார்ந்து, பாகு பதம் வரும்வரை துழாவி, சிரட்டையில் ஊற்றி ஆறவைக்கும் அவர் மனைவியை ஒரு வரியில்கூடக் குறிப்பிடவில்லை. மறுபடியும் போய் ஒரு பகல் முழுவதும் அந்த அடுப்பருகே இருந்தேன். வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்துக்காகக் கருப்பட்டியை அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை அந்த அம்மாள்தான் சொன்னார். கட்டுரை அதன் பிறகே கட்டுரையாயிற்று. இத்தகைய பொறுமையான ஆசிரியப் பணிக்கு நான் என்றும் நன்றியுடையவன்.

ஆனால், திருத்திய கட்டுரையை அனுப்பி ஒன்பது மாதங்கள் ஆகின்றன. இரண்டு முறை நினைவூட்டியும் பதில் இல்லை. ஒரே சமயத்தில் வேறு இதழுக்கு அனுப்பக் கூடாது என்பது அவர்களது விதியாதலால், எங்கும் கொடுக்க முடியாமல் அது முடங்கிக் கிடக்கிறது. அந்தக் காலத்தில் போதிய தபால்தலை ஒட்டிய சுயவிலாச உறையை இணைத்துப் பத்திரிகைகளுக்கு அனுப்புவோம்; அந்த உறை கனமாகத் திரும்பி வந்தால் மனம் வாடுமே தவிர, விவரம் தெரிந்துவிடும். இப்போது அந்த உறையும் இல்லை.

இரண்டு மூன்று பேரே எல்லா வேலையையும் பார்க்கும் சிறிய அலுவலகங்கள் இவை என்பதையும், தகவல் சரிபார்ப்புக்கு நாளாகும் என்பதையும் நான் உணராமல் இல்லை. ஆயினும், கட்டுரை கிடைத்தது என்று ஒரு வரி, இத்தனை வாரத்தில் முடிவு சொல்வோம் என்று ஒரு கெடு, அது கடந்தால் வேறிடத்துக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று ஓர் அனுமதி, சன்மானம் உண்டா இல்லையா என்ற தெளிவு ஆகிய இவற்றைத் தமிழிலேயே எழுதி வைப்பதற்குப் பெரிய நிதி தேவைப்படாது. விதிமுறைகள் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதால், எங்கள் பகுதியில் நன்றாக எழுதக்கூடிய இரண்டு இளைஞர்கள் அனுப்பவே தயங்குகிறார்கள் (அவர்களுக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, என் ஆங்கிலத்தை நம்பி!).

எனக்காக மட்டும் இதைக் கேட்கவில்லை. வேலையை நிறுத்திவிட்டு என்னோடு பேசியவர்கள் அந்தத் தம்பதியர். சென்ற வாரம் கடைத்தெருவில் என்னைப் பார்த்த அந்த அம்மாள், “சாரே, நம்ம படம் வந்துட்டா?” என்று கேட்டார். அடுத்த மாதம் வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
திருச்செந்தூர் வட்டம்.