வானியல் உரையில் தடுமாற வைக்கும் அச்சுகள்

ஆசிரியருக்கு,

பல்கலைக்கழக இயற்பியல் துறைகளின் ஆய்வுரைகளில் வானியற்பியல் என்றாலே பிற பிரிவு மாணவர்கள் பலர் பின்வரிசைக்குப் போய்விடுகிறார்கள். கணிதம் கடினம் என்பதால் அல்ல. வரைபடத்தின் அச்சுகளைப் பெரும்பாலும் யாரும் விளக்குவதில்லை. விண்மீன்களின் வெப்பநிலையையும் பிரகாசத்தையும் காட்டும் ஹெர்ட்ஸ்பிரங்-ரஸ்ஸல் வரைபடத்தில் இடப்பக்கம் போகப் போக வெப்பநிலை கூடும். பிரகாசத்தை அளக்கும் பொலிவெண் குறையக் குறைய விண்மீனின் பிரகாசம் அதிகம். பொலிவெண்ணில் 5 வேறுபாடு என்பது பிரகாசத்தில் 100 மடங்கு. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். சொல்லாவிட்டால் உரை முடியும்வரை வளைகோடுகளைத் தலைகீழாகவே படிப்பார்கள். ஆற்றலை எர்க் என்ற சிறிய அலகில் காட்டுவதும் அப்படித்தான்: 1 ஜூல் என்பது 1 கோடி எர்க்.

வெளியையே நீட்டிச் சுருக்கும் ஈர்ப்பலைகள் பற்றிய உரைகளில் 10-இன் அடுக்கு −21 என்ற திரிபு (நீளம் மாறும் விகிதம்) மட்டும் திரையில் வரும். அதை ஈர்ப்பலைகளைக் கண்டறியும் லைகோ கருவியின் 4 கி.மீ. நீளக் கையோடு பெருக்கிக் காட்டினால், 2015 செப்டம்பர் 14 அன்று பதிவான நீள மாற்றம் புரோட்டான் விட்டத்தில் ஏறத்தாழ 400-இல் ஒரு பங்கு என்பது விளங்கும்.

கேள்விகளுக்கு 15 நிமிடமாவது ஒதுக்கி, முதல் இரண்டை மாணவர்களுக்கே விடலாம். பேராசிரியர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும்! கேள்வியைப் பேச்சாளர் ஒலிவாங்கியில் திரும்பச் சொல்லாவிட்டால், இணையவழியில் பார்ப்போருக்குப் பதில் மட்டுமே கேட்கும்.