மிச்சமிருந்த சொட்டு மருந்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

கண் சிவந்தாலே மெட்ராஸ் ஐ என்று முடிவு கட்டிவிட்டு, வீட்டில் எந்தச் சொட்டு மருந்து கிடக்கிறது என்று தேடுகிறோமே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் தம்பிக்கு ஒரு கண் மட்டும் சிவந்து உறுத்தியது. மாமாவின் கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுத்த மருந்து பாதி பாட்டில் மிச்சம் இருந்தது, அதை எடுத்து விட்டுக்கொண்டான். மறுநாளே சிவப்பு குறைந்தது, எல்லோருக்கும் நிம்மதி. நாலைந்து நாள் கழித்து வெளிச்சம் பட்டாலே கண் கூச, பார்வையும் மங்க, டாக்டரிடம் ஓடினோம்.

அவர் ஆரஞ்சு நிறச் சாயம் தோய்த்த தாளைக் கண்ணில் தொட்டு, நீல விளக்கில் பார்த்தார். கருவிழி மேல் இலையில்லாத சின்ன மரக்கிளை மாதிரி ஒரு புண், பச்சையாக மின்னியதைத் திரையில் எனக்கும் காட்டினார். ஹெர்பீஸ் வைரஸாம். மாமாவின் பாட்டிலில் இருந்ததோ ஸ்டீராய்டு. அது சிவப்பை அமுக்கிவிடும், நமக்குக் குணமான மாதிரி இருக்கும், உள்ளே வைரஸ் தாராளமாகப் பரவும். டாக்டர் சொல்லாமல் நாள்கணக்கில் விட்டால் கண்ணில் அழுத்தம் ஏறும், கண்புரையும் வரலாம். புண் ஆறிவிட்டது, லேசான தழும்பு மட்டும் இருக்கிறது.

மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதற்கு வேலை செய்யாது, ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே போகும். குளிர்ந்த ஒத்தடம், தனித் துண்டு, தனித் தலையணை போதும். பார்த்தால் ஒட்டும் என்று கறுப்புக் கண்ணாடி மாட்டுகிறார்கள், ஒட்டுவது கையால்தான். மஞ்சள் பீளை கட்டி இமை ஒட்டிக்கொண்டால் பாக்டீரியாவாக இருக்கலாம், இரண்டு கண்ணும் அரித்தால் அனேகமாக அலர்ஜி (கசக்கக் கசக்க அரிப்பு ஏறும்). மணிக்கணக்கில் திரையைப் பார்க்கிறவர்கள் இமைப்பதையே குறைத்துவிடுவதால் கண் வறண்டு சிவக்கிறது, அதற்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு உண்டு. சிவப்பை மட்டும் எடுக்கும் சொட்டு மருந்து வேறு. அது ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, தினமும் விட்டால் நிறுத்தியதும் முன்பைவிடச் சிவக்கும். அப்புறம், வலியே இல்லாமல் வெள்ளையில் ரத்தம் தெறித்த மாதிரி திட்டு வருமே, பார்க்கத்தான் பயங்கரம், இரண்டு வாரத்தில் கரைந்துவிடும்.

நல்ல வலி, வெளிச்சக் கூச்சம், பார்வை மங்கல், இதில் எது இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். தலைவலி வாந்தியோடு கண் சிவந்தால் கண் அழுத்தம் திடீரென ஏறியிருக்கலாம், ராத்திரி என்றும் பார்க்கக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் முதலில் லென்ஸைக் கழற்ற வேண்டும்.

உங்கள் மருத்துவப் பக்கத்தில் கண்ணுக்குக் குளிர்ச்சி தரும் குறிப்புகள் அடிக்கடி வருகின்றன. அடுத்த முறை அதே இடத்தில், பாட்டிலில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று லேபிளைப் பார்த்துத் தெரிந்துகொள்வது எப்படி என்று ஒரு கண் மருத்துவரை எழுதச் சொல்லுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி