மரக்கடைக்காரர்களுக்கு: காய்ந்த பலகை என்றால் எத்தனை சதவீதம் என்று சீட்டில் எழுதுங்கள்

கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கம் மரக்கடையும் அறுவை மில்லும் நடத்துகிற முதலாளிமார்களுக்கு வணக்கம்.

உங்களிடம் பலகை வாங்கிக் கட்டிலும் பீரோவும் செய்து பிழைக்கிற மரவேலைக்காரன் எழுதுகிறேன். விலை கூடிப்போச்சு என்று புலம்ப வரவில்லை. பலகையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை வாங்குகிறவனுக்கும் சொல்லுங்கள், சொன்னதைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் ஈரம். "நல்லாக் காஞ்ச பலகைங்க" என்று சொல்லாத கடை நம் பக்கம் இல்லை. எத்தனை சதவீதம் என்று கேட்டால் மட்டும் பலகையை விரல் முட்டியால் தட்டிக் காட்டுவீர்கள். பச்சை மரத்தில் ஈரம் 30 சதவீதத்துக்கு மேலேயே இருக்கும். ஏறக்குறைய அந்த அளவுக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கவே ஆரம்பிக்கிறது. வீட்டுக்குள் வைக்கிற சாமானுக்கு 10, 12 என்று நின்றால்தான் நிம்மதி. 18-இல் இருக்கிற பலகையும் தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரியேதான் இருக்கும். மேலாக உலர்ந்து, உள்ளே ஈரம் நிற்கும். ஐப்பசி மழையில் அதை வாங்கி இழைத்து, சட்டத்துக்குள் மாட்டி, பாலிஷும் போட்டு அனுப்பினால், பங்குனியில் பெண் வீட்டுக்காரர் போன் பண்ணுவார். போய்ப் பார்த்தால் பீரோக் கதவில் சட்டத்தை ஒட்டி மேலிருந்து கீழ்வரை வெளுத்த கோடு ஒன்று. பலகை சுருங்கி, சட்டத்தின் காடிக்குள், அதாவது பள்ளத்துக்குள், இருந்த பாலிஷ் படாத ஓரம் வெளியே வந்திருக்கும். கல்யாணச் சீரில் அந்தக் கோடு தெரிந்தால் பேச்சு வாங்குவது செய்தவன். பலகை விற்ற கடையின் பெயர் அங்கே யாருக்கும் ஞாபகம் வராது.

இரண்டு ஊசியைப் பலகையில் குத்தினால் சதவீதம் காட்டுகிற கருவி சில ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. கடைக்கு ஒன்று வாங்கி வையுங்கள். ஆனால் பலகையின் முனையில் குத்திக் காட்டாதீர்கள். முனை எப்போதும் முந்திக் காயும். நடுவில், முடிந்தால் புதிதாக வெட்டிய முகத்தில் குத்த வேண்டும். அறுத்த பலகையைச் சுவரில் சாய்த்து வெயிலில் விடுவதையும் நிறுத்தலாம். கொட்டகை நிழலில், இடையிடையே ரீப்பர் என்கிற மெல்லிய சட்டத் துண்டு கொடுத்து அடுக்கினால் போதும். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சும்மாதான் வீசுகிறது, அதற்கு மீட்டர் ஓடுவதில்லை.

அடுத்தது கனம், அதாவது பலகையின் தடிமன். அங்குலப் பலகை என்று கணக்குப் போடுகிறீர்கள். எட்டு நூல் சேர்ந்தால்தான் ஓர் அங்குலம்; டேப் வைத்தால் ஏழு நூல்தான் வருகிறது. ஏழடி நீளம், பன்னிரண்டு அங்குல அகலத்தில் பத்துப் பலகை வாங்கினால் சீட்டில் 5.83 கன அடி. கையில் வருவது 5.10. தேக்கு விற்கிற விலையில் முக்கால் கன அடி என்பது சில்லறை இல்லை. ரம்பம் தின்றது என்பீர்கள். சரிங்க, தின்னட்டும். ஆனால் தோட்டத்துக்காரரிடம் வரப்புத் தேக்கைக் கட்டையாக வாங்கும்போது சுற்றளவில் கால்பங்கை எடுத்து அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குகிறீர்களே, அந்தக் கணக்கிலேயே ரம்பத்துக்கும் பட்டைக்கும் கழிவு போய்விடுகிறது. நாலடிச் சுற்றளவு, பத்தடி நீளக் கட்டை உங்கள் கணக்கில் 10 கன அடி; நிஜத்தில் 12.7க்கு மேல். தோட்டத்தில் ஒரு தடவை கழித்த சேதாரத்தை எங்களிடம் இன்னொரு தடவை கழிப்பது என்ன நியாயம்? ஏழு நூல் என்றால் ஏழு நூல் என்றே எழுதி, அதற்கு என்ன விலையோ அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயருக்கு வருகிறேன். ஆனைமலையில் மேலிருந்து தேக்குக் கட்டைகளைச் சரித்து விட்டதால்தான் டாப்சிலிப்புக்கு அந்தப் பெயரே வந்தது. அந்த மலையைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் எல்லாக் கட்டையையும், தேக்குக்குப் பேர்போன கேரளத்து 'நிலம்பூர்' என்று விற்பது கொஞ்சம் கூடுதல்தான். மியான்மர் உருட்டுக் கட்டை ஏற்றுமதியை 2014 ஏப்ரலிலேயே தடை செய்துவிட்டது. "நேத்து இறங்குன பர்மா கட்டைங்க" என்று இன்னமும் காதில் விழுகிறது. ஆப்பிரிக்காவிலிருந்தும் தென் அமெரிக்காவிலிருந்தும் கப்பலில் வருகிற தோட்டத் தேக்கில் நல்லதும் உண்டு, மட்டமானதும் உண்டு. கானா என்றால் கானா என்று சொல்லுங்கள். நாங்கள் ஓடிவிட மாட்டோம்.

இதைவிட எரிச்சல், வெளிறுக்குச் சாயம் பூசுவது. வைரம் பாய்ந்த பாகத்துக்கும் பட்டையை ஒட்டிய வெளிறுக்கும் நிறம் ஒன்றாகத் தெரிய வேண்டும் என்று காவியும் எண்ணெயும் தேய்த்த பலகைகளைப் பார்த்திருக்கிறேன். தேக்கே ஆனாலும் வெளிறு உளுக்கும். ஒரு ஓரத்தை இழைத்தால் சாயம் போய் உண்மை தெரிந்துவிடும். அதற்குத்தான் கடையில் இழைக்க விடுவதில்லையோ என்னவோ. முனையில் வெடிக்காமலிருக்கப் பெயிண்ட் அடிப்பது வேறு, அது நல்ல பழக்கம், விடாதீர்கள்.

அடுக்கைப் புரட்டிப் பார்க்கவும் விடுங்கள். முனையில் வளையக் கோடு எப்படி ஓடுகிறது என்று பார்த்தால்தான், எந்தப் பலகை பட்டைப் பக்கமாகக் குழியும், எது நேராக நிற்கும் என்று தெரியும். மேசை மேல்பலகைக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என்று பிரிப்பது எங்கள் வேலை. புரட்டியதைத் திரும்ப ஒழுங்காக அடுக்கி வைக்காத ஆட்களும் எங்களில் உண்டு. அவர்களைத் திட்டுங்கள், நியாயம்தான்.

வேம்பு, பூவரசு, வாகை, வேங்கை எல்லாம் கேட்டால் "அதெல்லாம் இப்ப யாருங்க கேக்கறாங்க" என்கிறீர்கள். காய வைத்து அடுக்கியிருந்தால் கேட்போம். வாகைத் தூளுக்கு நாள் முழுக்கத் தும்மினாலும் பரவாயில்லை, அந்தப் பழுப்பு நிறம் பாலிஷில் எடுப்பாக வரும்.

மரத்தின் பெயர், வந்த இடம், ஈரச் சதவீதம், அளந்த கனம், இவ்வளவும் எழுதின சீட்டோடு பலகை தருகிற கடைக்குக் கன அடிக்கு நூறு இருநூறு கூடக் கொடுக்க நான் தயார். எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர்களிடமும் பேசிவிட்டேன். தை பிறந்தால் முகூர்த்த ஆர்டர் வர ஆரம்பித்துவிடும். அதற்குள் யாராவது ஒரு கடை ஆரம்பித்தால் எங்கள் முதல் லோடு அங்கேதான்.

இப்படிக்கு,
அவிநாசிப் பக்கத்து மரவேலைக்காரன்