மலேசியா, பாகான் டத்தோவிலிருந்து அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்க கடுதாசிக்குப் பதில் போடாததுக்கு வேலைதான் காரணம், வேறொண்ணுமில்ல. போன்ல பேசினா அம்மா பிடுங்கிக்கிறாங்க, அதான் எழுதுறேன்.

சாப்பாட்டுக்குக் குறைவில்ல. இங்க கெம்போங்னு விக்கிறது நம்ம கானாங்கெளுத்திதான். அதைப் பொரிச்சு இனிப்பா ஒரு சம்பலை ஊத்தித் தொலைக்கிறாங்க. கடைக்கு வர்றவங்க பூரா தென்னை, செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்து ஆளுங்க. பக்கத்து வீட்டுல ஒரு சீனக் கிழவர், எல்லாருக்கும் ஆப்பேக், நம்ம ஊர்ல பெரியவர்ங்கிற மாதிரி. அமாவாசை, பௌர்ணமின்னா கடல் ஏறுமே, பூட்ஸை மாட்டிக்கிட்டு கடலோர மண்கரையைப் பார்க்கக் கிளம்பிடுவார். தோட்டத்துல உப்புத்தண்ணி ஏறாம காக்கிற கரை அது. கண்டல் காடு, அதான் அலையாத்தி மரங்க, நிக்கிற இடத்துல கரை அசையலையாம். காடு போன இடத்துலதான் கரைஞ்சுக்கிட்டே இருக்காம். இது சேத்துக் கடல், பெரிய அலையே கிடையாது. ராத்திரி அந்தச் சத்தம் கேக்காமப் படுக்கிறது இன்னும் பழகல, அண்ணே.

கரையிலிருந்து கடலுக்குள்ள கல்லை நீட்டிப் போடுற தூண்டில் வளைவு கேட்டுப் பஞ்சாயத்துல வீட்டுக்கொரு கையெழுத்து வாங்குறாங்கன்னு எழுதியிருந்தீங்க. உடனே போட்டுடாதீங்க. 1989ல புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலை தடுக்கிற கல்லு வந்ததும் வடக்கே போற மணல் நின்னுச்சு. வீராம்பட்டினத்துல கரை அகலமாச்சு, டவுன் பீச் போச்சு. அங்க கல்லை அடுக்கினாங்க. அப்புறம் அரிப்பு வடக்கே நகர்ந்துச்சு: கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, இப்ப நம்ம பொம்மையார்பாளையம். ஒவ்வொரு கல்லும் தென்பக்கம் மணலைப் பிடிச்சுக்கிட்டு வடக்கே இருக்கிறவனைப் பட்டினி போடுது. நமக்கு வடக்கே யாரு? பிள்ளைச்சாவடி. அக்கா வீட்டு வாசல்.

கல்சுவரு போதும்ங்கிறாரு மேட்டுத்தெரு மாமா. சுவரு வீட்டைக் காக்கும், முன்னால இருக்கிற மணலைக் காக்குமா? மோதித் திரும்புற அலை அடிமணலையும் இழுத்துக்கிட்டுப் போயிடும். அப்புறம் படகை எங்க ஏத்துவீங்க? துறைமுகத்துல தேங்குற மணலை வாரி வடக்கே கொட்டச் சொல்லி மனுவுல எழுதுங்க. தலைமைச் செயலகத்துக்கு எதிரே தண்ணிக்கடியில தடுப்பு இறக்கி, மணலும் கொட்டினப்புறம் டவுன்ல கரை திரும்பி வந்துச்சே. எதுவானாலும் அக்கா வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்ங்க. நாளைக்கு அவங்க வீடு போனா நம்ம கையெழுத்துதான் முன்னால வந்து நிக்கும்.

இந்த மாசம் பணம் கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும். வேலை பெர்மிட் புதுப்பிக்கிற நேரம், அவ்வளவுதான். வலைக்கடனுக்கு வட்டி மட்டும் கட்டுங்க. அம்மா தோடு பேங்க்லயே இருக்கட்டும், இப்ப மீட்க வேணாம். அக்கா பொண்ணு சடங்கை ஆவணிக்குத் தள்ளிவைக்கச் சொல்லுங்க. தாய்மாமன் சீர் என்னோடது. நீங்க கடன் வாங்கிச் செஞ்சுடாதீங்க.

இப்படிக்கு,
உங்க தம்பி