மஞ்சள் லைட் எழுதுகிறேன், அக்கா

அன்புள்ள அக்கா,

நேற்றுப் பின்னேரம் டொலர் கடையில் ஃபெல்ட் துணி வாங்கினேன். சிவப்பு, மஞ்சள், பச்சை. எதற்கு என்று உங்களுக்கு விளங்கியிருக்கும்.

போனில் சொல்லத்தான் நினைத்தேன். திவசத்தன்று என் முகத்தைப் பார்க்காமலே என் இலையில் சோறு போட்டீர்களே, அதற்குப் பிறகு உங்கள் நம்பரை அழுத்தத் துணிவு வரவில்லை. நான் இங்கே எழுதுவதை நீங்கள் வாசிப்பதாகத் தம்பி சொன்னான். சொந்தக்காரர்களும் வாசிப்பார்கள், தெரியும். அம்மாவின் வீட்டைப் பற்றி இதில் ஒரு வரியும் வராது.

கடையில் நாற்பது டொலர் போட்டிருந்த ஒரு ஹலோவீன் உடுப்பை மூத்தவள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "வீட்டில் செய்யலாம், தம்பிக்கும் சேர்த்து" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வசனம் என்று உறைத்தது.

எனக்கு இன்னும் தையல் வராது. ஃபெல்ட்டை வெட்டினால் நூல் பிரியாது, ஓரம் மடிக்க வேண்டாம், அதனால் தப்பித்தேன். ஆனால் ட்ராஃபிக் லைட்டின் வட்டத்தை, உடுப்பாகப் போடுகிற குப்பைப் பையில் க்ளூ கன்னால் ஒட்டப் போய், சூட்டில் பை உருகி ஓட்டை விழுந்தது. இரண்டாவது பையில் டேப்பை வளையமாகச் சுருட்டி வட்டத்தின் பின்னால் வைத்து அழுத்தினேன். சுருட்டிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது. அது உங்கள் கைவேலை.

1996 அக்டோபர் 31, வியாழக்கிழமை. உங்களுக்குப் பதினான்கு, எனக்கு ஒன்பது, தம்பிக்கு ஆறு. அம்மா பின்னேர ஷிஃப்ட். நீங்கள் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிடாமலே நிலத்தில் இருந்து, சாப்பாட்டுக் கோப்பையைக் கவிழ்த்துவைத்து மூன்று பிரிஸ்டல் போர்டில் வட்டம் கீறினீர்கள். முதலில் சோற்றுப் பசை. ஊரில் பட்டம் ஒட்டிய பழக்கம். கடுதாசியில் நிற்கிற பசை பிளாஸ்டிக்கில் நிற்கவில்லை, வட்டம் ஒவ்வொன்றாக விழுந்தது. தம்பி அழத் தொடங்கினான். அப்புறம்தான் சமையலறை லாச்சியில் கிடந்த வெள்ளி டேப். மூன்று போர்டுக்கும் கொடுத்த சில்லறையைத் தவிர வேறு செலவே இல்லை.

இன்னொன்றும் செய்தீர்கள். கழுத்துக்கு வெட்டிய ஓட்டையைச் சுற்றி, உள்பக்கமாக, ஒரு சுற்று டேப். பை அங்கேதான் முதலில் கிழியும் என்று பதினான்கு வயதில் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? ஜக்கெட்டுக்கு மேலால் போடுகிற அளவுக்குப் பையையும் பெரிதாக எடுத்திருந்தீர்கள். கடை உடுப்புக்காரப் பிள்ளைகள் எல்லாம் அதற்கு மேல் ஜக்கெட்டைப் போட்டு உடுப்பை மறைத்துக்கொண்டு போனார்கள். எங்களுக்கு மட்டும் குளிரும் இல்லை, மறைப்பும் இல்லை. இது நேற்றுத்தான் எனக்கு விளங்கியது.

அந்தக் காலத்தில் அக்டோபர் கடைசி ஞாயிறே நேரத்தை மாற்றிவிடுவார்கள். ஐந்தேமுக்காலுக்கே இருட்டு. மார்க்கம் ரோட்டைக் கடந்து அந்தத் தனி வீடுகள் இருக்கும் தெருவுக்கு, வீடு வீடாகச் சொக்லேட் கேட்கப் போனோம். தம்பியின் கழுத்தில், பிள்ளைகளுக்கான உதவிக்குச் சில்லறை சேர்க்கப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த யுனிசெஃப் பெட்டி, செம்மஞ்சள் நிறம், சில்லறை கிலுகிலுத்தது. உயர வரிசையில் நின்றால்தான் ட்ராஃபிக் லைட். நீங்கள் சிவப்பு, நடுவில் நான், கடைசியில் பச்சை. "வரிசை குழப்பாதே" என்று ஒவ்வொரு வாசலிலும் என் தோளைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

அந்த மேப்பிள் மரத்தடியில் என் வகுப்புப் பிள்ளை எதிரே வந்தாள். ஜக்கெட்டைத் திறந்துவிட்டிருந்தாள், உள்ளே நீலச் சட்டை மினுங்கியது, தலையில் கிரீடம். "நீ என்ன வேஷம்?" என்று கேட்டாள். நான் வேஷம் இல்லை, தம்பியைக் கூட்டி வந்தேன் என்றேன். நீங்கள் இரண்டடி முன்னால் போய்க்கொண்டிருந்தீர்கள். கேட்டிருக்காது என்று இத்தனை வருடமும் நம்பினேன். வட்டத்தை இழுத்தேன். பையோடு கிழிந்து வந்தது. நாலாக மடித்து வேலிச் செடிக்குள் போட்டேன். கழுத்து மட்டும் கிழியவில்லை.

அடுத்த வீட்டில் ஒரு வயதான அம்மா கதவைத் திறந்து, உங்களையும் தம்பியையும் பார்த்து, மஞ்சள் எங்கே என்று கேட்டார். நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "மஞ்சள் லைட் பழுதாகிவிட்டது" என்று இங்கிலீஷில் சொன்னீர்கள். அவர் சிரித்து எனக்கு ஒரு சொக்லேட் கூடப் போட்டார். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் நிலத்தில் கொட்டி மூன்று பங்கு பிரித்தபோது அந்தக் கூடுதல் சொக்லேட்டையும் என் பக்கமே தள்ளினீர்கள். ஏசவில்லை. அடுத்த வருடம் "எனக்குப் படிக்க இருக்கு" என்று சொல்லிவிட்டீர்கள்.

மன்னியுங்கள், அக்கா. இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

ஆனால் எனக்கு ஒன்பது வயது. என்ன வேஷம் வேண்டும் என்று நீங்கள் என்னை ஒருநாளும் கேட்டதில்லை. அம்மா "மூன்று பேரும் கை விடாமல் போங்கோ" என்றார், நீங்கள் அதை உடுப்பாகவே செய்துவிட்டீர்கள். அதற்குப் பிறகும் எனக்கு எப்போதும் நீங்கள்தான் சிவப்பு. ஒட்டாவாவுக்குப் படிக்கப் போகக் கேட்டபோது சிவப்பு. நான் ஒருவரைக் கூட்டி வந்தபோது சிவப்பு. அவர் இப்போது பக்கத்து அறையில் இருக்கிறார், இதை வாசிப்பார், அதனால் இதோடு விடுகிறேன். போன வருடம் நடந்ததும் எனக்கு அப்படித்தான் பட்டது. என் தோளைப் பிடித்து நிறுத்தியது போல. கத்தினேன். கத்தியது பிழை. சொன்னது முழுவதும் பிழை என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன்.

உங்களை யார் நிறுத்தி வைத்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை. அந்த ஹலோவீன் அன்றைக்கு உங்கள் வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் ஓரிடத்தில் கூடினார்களாம். நீங்கள் போகவில்லை. தம்பிக்கு இது தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

சரி. இப்போது செய்கிறவற்றில் ஒரு மாற்றம். கறுப்புப் பை இருட்டில் கார்க்காரருக்குத் தெரியாது, அதனால் முதுகில் வெளிச்சம் பட்டால் மினுங்குகிற டேப் இரண்டு கோடு ஒட்டியிருக்கிறேன். முகத்துக்கு மூடி எதுவும் இல்லை. என் மூத்தவள் மஞ்சள், சின்னவன் பச்சை. மூத்தவளை முதலில் கேட்டேன். மஞ்சள் பிடிக்கும் என்றாள். பிறகு "சிவப்பு யார்?" என்றாள்.

சிவப்பு வட்டமும் வெட்டிவிட்டேன், அதே கோப்பை அளவு. அம்மாவின் கோப்பைதான், என்னிடம் இருக்கிறது. பையும் எடுத்து வைத்திருக்கிறேன். உங்கள் சின்னவன் இந்த வருடம் என்ன அளவு ஜக்கெட் போடுகிறான் என்று எனக்குத் தெரியாது. அதனால் கழுத்தை இன்னும் வெட்டவில்லை.

தங்கச்சி